கோடு மட்டும் எண்ணினால் போதாது

புதுச்சேரி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

பிளஸ் ஒன் பிள்ளைகளிடம் தண்ணீர் மூலக்கூறை வரையச் சொல்லிப் பாருங்கள். பலர் நடுவில் ஆக்சிஜன், இரு பக்கமும் ஹைட்ரஜன் என்று நேர்கோடாகப் போட்டுவிடுவார்கள். கார்பன் டை ஆக்சைடு அப்படித்தானே இருக்கிறது, இதிலும் மூன்று அணுதானே என்பார்கள். கார்பனுக்கு வெளிக்கூட்டில் நான்கு எலக்ட்ரான், நான்கும் பிணைப்பில் போய்விடுகின்றன. மிச்சம் எதுவும் இல்லாததால் நேர்கோடு. ஆக்சிஜன் கதை வேறு. அதற்கு 6, ஹைட்ரஜன்களிடமிருந்து 2, ஆக 8. அதாவது நான்கு எலக்ட்ரான் இரட்டைகள். அவற்றில் இரண்டுதான் பிணைப்பில் இருக்கின்றன. மற்ற இரண்டும் தனித்த இரட்டைகள். படத்தில் கோடாக வராதவை, ஆனால் வடிவத்தைத் தீர்மானிப்பதில் அவற்றுக்குத்தான் பெரிய பங்கு.

நான்கு இரட்டைகளும் ஒன்றையொன்று தள்ளி, முடிந்த மட்டும் விலகி நின்றால் நான்முகி, அதாவது நான்கு முக்கோண முகங்கள் கொண்ட வடிவம். பிணைப்புகளுக்கு இடையே கோணம் 109.5 டிகிரி. மீத்தேனில் அப்படியே இருக்கிறது. ஒரு தனித்த இரட்டை உள்ள அம்மோனியாவில் 107, இரண்டு உள்ள தண்ணீரில் 104.5. ஏன் இந்தக் குறைவு? பிணைப்பு இரட்டையை இரண்டு அணுக்கருக்கள் இழுத்துப் பிடிக்கின்றன, அது ஒடுங்கிக் கிடக்கும். தனித்த இரட்டைக்கு ஒரே கரு, ஆகவே அகலமாகப் பரவும். கடலூர் பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் ஒருவர் காலை அகட்டி உட்கார்ந்தால் மற்ற இருவரும் நெருங்க வேண்டியதுதானே!

இரட்டைகள் தள்ளுவதை வைத்து வடிவம் சொல்லும் இந்தக் கொள்கைக்கு VSEPR என்று பெயர். 1940-இல் சிட்ஜ்விக், பவல் என்ற வேதியியலாளர்கள் தொடங்கிய யோசனை இது. 1957-இல் கில்லெஸ்பியும் நைஹோமும் முழுமையாக்கினார்கள்.

தேர்வில் கவிழ்க்கும் கேள்வி, செனான் டெட்ராஃபுளூரைடு. நான்கு ஃபுளூரின் என்றதும் நான்முகி என்று எழுதினால் மார்க் போச்சு. செனானுக்கு 8, ஃபுளூரின்களிடமிருந்து 4, ஆக 12, அதாவது ஆறு இரட்டைகள். நான்கு பிணைப்பில் போக மிச்சம் இரண்டு. தனித்தவை இரண்டும் எதிரெதிர் முனைக்குப் போய்விட, நான்கு ஃபுளூரினும் ஒரே தளத்தில் சதுரமாக நிற்கும். என்னைக் கேட்டால் இந்தக் கொள்கையின் அழகே இந்த ஒரு மூலக்கூறில் இருக்கிறது.

அதற்காக இதைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ளவும் வேண்டாம். ஹைட்ரஜன் சல்ஃபைடிலும் தண்ணீரைப் போலவே இரண்டு தனித்த இரட்டைகள். வளைந்திருக்கும் என்று சரியாகச் சொல்லிவிடலாம். ஆனால் அளந்து பார்த்தால் கோணம் 92 டிகிரி. அவ்வளவு தூரம் ஏன் இறங்கியது என்பதற்கு இந்தத் தள்ளுமுள்ளுக் கணக்கு மட்டும் போதாது.