தவளைப் பெட்டிக்குச் சாயம் போட்ட பாசியா?

வணக்கம் உறவுகளே! முதலில் இந்தத் தண்ணீரைப் பாருங்கள். கெமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். பச்சைச் சர்பத் மாதிரி இருக்கிறதா? தவளைப் பெட்டியில் ஈரம் நிற்கப் போடுகிற பாசி ஊறிய தண்ணீர் இது! பக்கற்றில் தவளைக்கு ஏற்றது என்று வேறு போட்டிருக்கிறார்கள். 1,850 ரூபா. ஒரு கைப்பிடிப் பாசி, உறவுகளே, 1,850 ரூபா! கோபம் இன்னும் அடங்கவில்லை.

என் தவளை உருண்டையை உங்களுக்குத் தெரியும். தென்னமெரிக்கக் கொம்புத் தவளை, நாள் முழுக்க மண்ணுக்குள் புதைந்து கண்ணை மட்டும் வெளியில் வைத்திருப்பான். தவளை தண்ணீரை வாயால் குடிக்காது, தோலால்தான் உறிஞ்சும். சாயமோ உப்போ அவன் விட்ட மூத்திரமோ, மண்ணில் எது இருந்தாலும் அது அவனுக்குள் போகும். அதனால்தான் எதையும் ஊறவைத்துப் பார்க்காமல் பெட்டிக்குள் போடவே மாட்டேன். ஸ்பாக்னம் பாசி காய்ந்தால் பெரும்பாலும் வைக்கோல் நிறம். ஊறும்போது லேசாகக் கபிலம் இறங்கும், பரவாயில்லை. கிளிப்பச்சையில் மினுங்கினால் தொடாதீர்கள்.

சரி, இனி சந்தோஷமான விஷயம். தும்புத்தூள்! உருண்டையின் பெட்டிக்குள் மண்ணாகப் போடுவது இதைத்தான். கடையில் விற்கிற அமுக்கிய கட்டிக்கு இனி நான் காசு கொடுக்கப் போவதில்லை. மாமாவின் தென்னந்தோட்டத்துக்குப் பக்கத்தில் தும்பு ஆலை ஒன்று இருக்கிறது. பெரிய சாக்கு, 300 ரூபா. இங்கே பாருங்கள், என் இடுப்பளவு சாக்கு. முன்னூறே ரூபா!

ஆனால் அப்படியே போடக்கூடாது, அதில் உப்பு இருக்கும். பழைய சாரத்தில் கட்டி, ஊறவைத்து, பிழிந்து, திரும்ப ஊறவைத்தேன். எங்கள் கல்லடிக் கிணறு வாவிப் பக்கம், கொஞ்சம் உவர். அதனால் கடைசி அலசல் பைப் தண்ணீரில். அந்தத் தண்ணீரிலும் குளோரின் இருக்கிறது, மீன் கடையில் விற்கிற குளோரின் நீக்கும் மருந்தை விட்ட பிறகுதான் எடுத்தேன். மீற்றரில் உப்பளவு 1,400இல் இருந்து 180க்கு இறங்கியதைப் பார்த்ததும் கத்தியே விட்டேன்.

தூளைக் கைக்குள் வைத்து அமுக்கினால் ஒரு சொட்டுத்தான் வர வேண்டும். ஒழுகினால் அடியில் காற்றில்லாமல் நாறும். கச்சான் காற்று அடிக்கிற நாட்களில் மேல்பக்கம் சீக்கிரம் காய்ந்துவிடும், காலையும் மாலையும் தெளியுங்கள். கழிவைக் கண்டவுடன் கரண்டியால் சுற்றுமண்ணோடு அள்ளிவிடுங்கள். முழுவதையும் மாதம் ஒருமுறை மாற்றுகிறேன். பெட்டியைக் கழுவச் சவர்க்காரம் வேண்டவே வேண்டாம், சுடுதண்ணீர் போதும். பாசியை வாரம் ஒருமுறை அலசிப் பிழிவேன். குழைந்து கறுத்தால் எறிந்துவிடுவேன்.

ஆ, பாசி என்றதும்தான் ஞாபகம் வருகிறது. பெட்டி முழுக்கப் பரப்பாதீர்கள், ஒரு மூலை போதும். தவளை இரையைப் பாய்ந்து கவ்வும்போது பாசியின் நீளமான நாரையும் சேர்த்து விழுங்கினால் குடல் அடைத்துவிடும். உருண்டைக்கு நான் நீளச் சாமணத்தால்தான் தீன் கொடுக்கிறேன்.

சாக்கில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது. கல்லடி, நாவற்குடாப் பக்கம் தவளை வளர்க்கிறவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், கழுவியே தருகிறேன்.