டோகோவுக்குப் போன மாணவர்: ரால்ஃப் பன்ச் சுமந்து திரிந்த கேள்வி

[திரையில்: ஒரு பழைய வகுப்பறை]

வணக்கம். பள்ளிக்கூடத்துக்கு இன்ஸ்பெக்‌ஷன் வருகிற நாள் உங்களுக்கு நினைவிருக்கும். கரும்பலகை பளிச்சென்று இருக்கும், தண்ணீர்ப் பானை நிறைந்திருக்கும், ஆசிரியர்கள் எல்லாரும் நேரத்துக்கு வந்திருப்பார்கள். ஆய்வாளர் கிளம்பிப் போனதும் எல்லாம் பழையபடி. சரி, ஒரு நாட்டை ஆள்கிறவர்களை வெளியிலிருந்து ஒருவர் வந்து கவனித்தால் அங்கே ஏதாவது மாறுமா? இந்தக் கேள்வியைத் தூக்கிக்கொண்டு வாழ்நாள் முழுக்க அலைந்த அரசியல் அறிஞர் ஒருவர் இருந்தார். பெயர் ரால்ஃப் பன்ச்.

டெட்ராய்டில் பிறந்து, தாயை இழந்து, லாஸ் ஏஞ்சல்ஸில் பாட்டி வளர்த்த கறுப்பினப் பையன். ஹார்வர்டில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தபோது, ஊரிலிருந்த கறுப்பின மக்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு 1,000 டாலர் சேர்த்துக் கொடுத்து அனுப்பினார்கள்.

[திரையில்: மேற்கு ஆப்பிரிக்க வரைபடம், டோகோவும் தாஹோமேயும் பக்கத்தில் பக்கத்தில்]

முனைவர் பட்டத்துக்கு அவர் எடுத்த தலைப்பைப் பாருங்கள். டோகோ, தாஹோமே என்று அடுத்தடுத்து இரண்டு நிலப்பகுதிகள். தாஹோமேதான் இன்றைய பெனின். இரண்டையும் ஆண்டது பிரான்ஸ். ஆனால் தாஹோமே வெறும் காலனி. டோகோ முன்பு ஜெர்மனியிடம் இருந்தது. முதல் உலகப் போருக்குப் பிறகு பிரிட்டனும் பிரான்ஸும் அதைப் பங்கு போட்டுக்கொண்டன; பன்ச் எடுத்துக்கொண்டது பிரான்ஸின் பங்கை. ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக அமைப்பான சர்வதேச சங்கத்துக்குக் கணக்குச் சொல்ல வேண்டும் என்பது நிபந்தனை. ஆக, ஆள்பவர் ஒருவரே; ஒரு இடத்தில் மேலே கண்காணிப்பு உண்டு, இன்னொரு இடத்தில் இல்லை. அந்தக் கண்காணிப்பால் மக்களுக்கு என்ன கிடைத்தது?

நூலகத்தில் உட்கார்ந்தே எழுதியிருக்கலாம். பன்ச் 1932-ல் கிளம்பி நேரில் போய்ப் பார்த்தார். கண்டுபிடித்தது கசப்பான விஷயம்: இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 1934-ல் பட்டம் கிடைத்தது. அமெரிக்காவில் அரசியல் அறிவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்தான்.

பெரும்பாலான ஆய்வுகள் இந்த இடத்தில் அலமாரிக்குப் போய்விடும். இது போகவில்லை. 1945-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஐ.நா. சாசனம் எழுதப்பட்டபோது, அமெரிக்கக் குழுவோடு பன்ச்சும் போனார். காலனிகளைப் பற்றிய பதினொன்று, பன்னிரண்டு, பதின்மூன்றாம் அத்தியாயங்களில் அவருடைய உழைப்பு இருக்கிறது. 87-வது பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். டோகோ போலக் கண்காணிப்பில் வைக்கப்பட்ட பகுதிகளைக் கவனிக்கும் ஐ.நா.வின் பொறுப்பாண்மைக் குழு அங்கே நேரில் போய்ப் பார்க்கலாம்; அங்கே வாழும் மக்கள் தரும் மனுக்களை வாங்கி விசாரிக்கலாம். பழைய சர்வதேச சங்கத்தில் யாரும் நேரில் போய்ப் பார்த்ததில்லை. மனு கொடுத்தவரைக் கூப்பிட்டுக் கேட்டதும் இல்லை. ஆளும் அரசு அனுப்பிய அறிக்கைதான் அவர்களுக்கு முக்கிய ஆதாரம். டோகோவில் எது இல்லை என்று பன்ச் பார்த்தாரோ, அது இங்கே சட்டத்தின் வரியாக வந்துவிட்டது. எனக்கு அவர் வாங்கிய நோபல் பரிசைவிட இது பெரிதாகத் தெரிகிறது.

அடுத்த ஆண்டே ஐ.நா.வில் பொறுப்பாண்மைத் துறைக்கே அவர் தலைவரானார். 1947 டிசம்பரில் அந்தக் குழுவின் முன்னால் ஒருவர் வந்து பேசினார். பெயர் சில்வானஸ் ஒலிம்பியோ, ஊர் டோகோ. பிரிட்டனும் பிரான்ஸும் போட்ட எல்லைக்கோடு தன் இனமான ஏவே மக்களை இரண்டாகப் பிரித்துவிட்டது என்று முறையிட்டார். 1958-ல் ஐ.நா. கண்காணிப்பில் நடந்த தேர்தலில் அவருடைய கட்சி வென்றது. 1960 ஏப்ரல் 27 அன்று டோகோ விடுதலை அடைந்தது. இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். ஐ.நா. கண்காணிப்பு இல்லாத தாஹோமேயும் அதே ஆண்டு ஆகஸ்டில் விடுதலை பெற்றது. எல்லாம் கண்காணிப்பால் மட்டுமே நடந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

[திரையில்: ரோட்ஸ் தீவின் கடற்கரை]

அப்புறம் பாலஸ்தீனம். அங்கே இஸ்ரேலுக்கும் அரபு நாடுகளுக்கும் போர்; சமரசம் பேச ஐ.நா. ஆள் அனுப்பியிருந்தது. 1948 செப்டம்பர் 17 அன்று ஐ.நா. சமரசத் தூதர் பெர்னடோட் ஜெருசலேமில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் காரில் போயிருக்க வேண்டியவர் பன்ச்; வழியில் தாமதமானதால் உயிர் தப்பினார். அந்தப் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது.

1949 ஜனவரியில் கிரீஸின் ரோட்ஸ் தீவில், ஓட்டல் ஒன்றில் எகிப்தியர்களும் இஸ்ரேலியர்களும் போர்நிறுத்தம் பேசத் தங்கினார்கள். பன்ச் முதலில் தனித்தனியாகப் பேசினார். பிறகு ஒன்றாக உட்கார வைத்து, நிலத்தைப் பற்றி வாயே திறக்காமல், எதைப் பற்றிப் பேசப் போகிறோம் என்ற பட்டியலுக்கு மட்டும் ஒப்புதல் வாங்கினார். சின்ன விஷயத்தில் ஒத்துப்போய்ப் பழகியவர்களுக்கு அடுத்த படி அவ்வளவு பயமாக இருக்காது என்பது அவர் கணக்கு. ஒப்பந்தம் முடியும் முன்பே நினைவுப் பரிசாகப் பீங்கான் தட்டுகள் செய்யச் சொல்லிவிட்டாராம். ஒத்து வராமல் போயிருந்தால் தட்டுகளை என்ன செய்திருப்பீர்கள் என்று கேட்டதற்கு, உங்கள் தலையிலேயே போட்டு உடைத்திருப்பேன் என்றாராம். பிப்ரவரி 24 அன்று கையெழுத்தானது. பாலஸ்தீனத்தின் ஃபலூஜா கிராமத்தில் மாதக்கணக்கில் முற்றுகையில் கிடந்த எகிப்தியப் படை வீடு திரும்பியது. அதில் ஒரு இளம் அதிகாரி, கமால் அப்தெல் நாசர். ஜூலைக்குள் லெபனான், ஜோர்டான், சிரியாவும் கையெழுத்திட்டன. 1950-ல் பன்ச்சுக்கு அமைதிக்கான நோபல் பரிசு. அமெரிக்க வெளியுறவுத் துறையில் உயர் பதவி கொடுத்தபோது, நிறவெறி ஆட்சி செய்த வாஷிங்டனில் என் பிள்ளைகளை வளர்க்க மாட்டேன் என்று மறுத்துவிட்டார்.

1956-ல் சூயஸ் நெருக்கடி: எகிப்து சூயஸ் கால்வாயை அரசுடைமையாக்கியது; இஸ்ரேல், பிரிட்டன், பிரான்ஸ் மூன்றும் எகிப்தைத் தாக்கின. எகிப்தின் அதிபர் இப்போது அதே நாசர். ஐ.நா.வின் முதல் ஆயுதம் தாங்கிய அமைதிப்படையைச் சில நாட்களில் திரட்டும் வேலை பன்ச் கைக்கு வந்தது. எதிரி என்று நினைத்து யாரும் சுட்டுவிடக் கூடாதே என்று, தலைக்கவசங்களுக்கு அவசரமாக நீல வண்ணம் அடித்துக் கொடுத்தார்கள். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த நீலத் தலைக்கவசம் வந்த கதை இதுதான். பத்து நாடுகள் படை அனுப்பின, இந்தியாவும் அதில் ஒன்று. இஸ்ரேல் தன் பக்கம் படையை அனுமதிக்கவில்லை. எல்லையின் எகிப்தியப் பக்கத்தில் மட்டும் காவல். அப்படியும் பத்து ஆண்டுகளுக்கு மேல் அந்த எல்லையில் பெரிய மோதல் இல்லை.

1967 மே 18 அன்று படையை எடுத்துக்கொள்ளுங்கள் என்று எகிப்து கேட்டது. எகிப்தின் சம்மதத்தில் நின்ற படை அது. சம்மதம் போனால் நிற்க இடமில்லை. நீரிழிவு நோயால் பார்வை மங்கிக்கொண்டிருந்த பன்ச், தான் திரட்டிய படை கலைவதை நியூயார்க்கிலிருந்து பார்த்தார். ஜூன் 5 அன்று இஸ்ரேலுக்கும் எகிப்துக்கும் போர் வெடித்தது. காசாவிலிருந்து ஊர் திரும்பக் காத்திருந்த இந்திய வீரர்களில் சிலர் அந்தச் சண்டையில் இறந்தார்கள்.