மணிக்கட்டில் ஓடும் கணக்கு

மரியாதைக்குரிய டத்தோ அவர்களே, ஆலய நிர்வாகக் குழுத் தலைவர் அவர்களே, தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, மகளிர் பிரிவுப் பொறுப்பாளர்களே, மழையைப் பொருட்படுத்தாமல் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்து இந்தச் சுங்கை சிப்புட் வரை வந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, அனைவருக்கும் என் பணிவான வணக்கம். டத்தோ அவர்கள் வேறொரு நிகழ்ச்சிக்குச் செல்ல வேண்டியிருந்தும் முன்வரிசையில் அமர்ந்து கேட்க இசைந்திருக்கிறார்கள். வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட நிர்வாகக் குழுவுக்கும், பின்கட்டில் நமக்காகப் பசியாறல் சமைத்துக்கொண்டிருக்கும் சகோதரிகளுக்கும் என் நன்றி உரியது.

சுவர் இருந்தால்தான் சித்திரம். நான் எந்த மேடையில் ஏறினாலும் இந்தப் பழமொழியைச் சொல்லாமல் இறங்குவதில்லை. இன்று அந்தச் சுவரைத் தட்டிப் பார்க்கும் வழியைப் பேச வந்திருக்கிறேன். ஓய்வில் இருக்கும்போது நாடி எவ்வளவு துடிக்க வேண்டும், அதைக் கூட்டுவதும் குறைப்பதும் எவை என்ற இரண்டையும் சொல்ல எண்ணியிருக்கிறேன்.

வளர்ந்த ஒருவருக்கு, ஓய்வாக அமர்ந்திருக்கையில், நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை இயல்பான துடிப்பு. 72 என்று வைத்துக்கொண்டால்கூட ஒரு நாளைக்கு 1,03,680 முறை இதயம் சுருங்கி விரிகிறது. கைக்குழந்தைக்கு 100க்கு மேல் துடிப்பது இயற்கை. வளர வளரக் குறையும். நன்றாகப் பயிற்சி பெற்ற ஓட்டக்காரருக்கு 40, 50 என்று இருந்தாலும் அது நோயன்று; ஒவ்வொரு துடிப்பிலும் அவருடைய இதயம் கூடுதலான இரத்தத்தைத் தள்ளிவிடுவதால் அடிக்கடி துடிக்க வேண்டிய தேவை அதற்கு இல்லை.

எனக்கு அப்போது பதினொரு வயது. காய்ச்சலென்று அம்மா என்னைத் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போயிருந்தார். பெஞ்சில் எங்களுக்கு முன்னால் எங்கள் லயத்து அத்தை ஒருவர், ரப்பர் மரத்தில் பால் வெட்டிய கையோடு, தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல், பால் வாடையோடு உட்கார்ந்திருந்தார். ஆஸ்பத்திரியின் மருத்துவ உதவியாளரான டிரெஸர் ஐயா சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்து மேசையில் வைத்தார். அத்தையின் பெருவிரலுக்குக் கீழே, மணிக்கட்டில் விரல்களைப் பதித்தார். பேசிக்கொண்டிருந்த என் அம்மா வாயை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் முழுவதும் அந்த அறையில் விநாடிமுள் மட்டுமே ஓடியது.

“நூத்திப் பதினாறு,” என்றார் ஐயா.

“ஓட்டமும் நடையுமா வந்தேங்கய்யா, அதான் படபடன்னு அடிக்குது.”

“அப்படின்னா கொஞ்ச நேரம் உட்காரும்மா.”

கால்மணி நேரம் அத்தை அந்தப் பெஞ்சிலேயே இருந்தார். எனக்கு மருந்து கொடுத்துவிட்டு ஐயா மறுபடி எண்ணினார், 112. அத்தையின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். சிவந்திருக்க வேண்டிய இடம் சுண்ணாம்பு பூசியதுபோல வெளுத்திருந்தது. “மேட்டுல ஏறினா மூச்சு வாங்குதா?” என்று கேட்டார். “ஆறு மாசமா வாங்குது. வயசாச்சுன்னு சொன்னாங்க,” என்றார் அத்தை. அவருக்கு அப்போது நாற்பதுகூட ஆகவில்லை. அன்றே தோட்டத்து லாரியில் டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். கடுமையான இரத்தச்சோகை. சில மாதங்கள் கழித்து, அதே பெஞ்சில், ஐயா எண்ணி முடித்து, “எழுபத்தெட்டு,” என்றார். “நல்லதாங்கய்யா?” என்று கேட்ட அத்தையிடம், “உன் நெஞ்சு இப்பதாம்மா உட்கார்ந்து இளைப்பாறுது,” என்றார்.

இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் சிவப்பணுக்கள் குறைந்தால், குறைந்த ஆளை வைத்து அதே சுமையைச் சுமக்க இதயம் கூடுதல் நடை நடக்கிறது. செம்பனைத் தோப்பில் வெயிலில் குலை வெட்டுபவருக்கும் இதுதான் நடக்கிறது: வியர்வையில் நீர் போய்விடுவதால் ஒவ்வொரு துடிப்பிலும் வெளியேறும் இரத்தத்தின் அளவு குறைகிறது, குறைந்ததை எண்ணிக்கையால் ஈடுகட்டுகிறது இதயம். காய்ச்சலில் உடல் வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி ஏறக்குறைய 10 கூடும். சுருட்டும் சிகரெட்டும், கெட்டியான கோப்பியும், பயமும், கவலையும், தைராய்டு சுரப்பி அதிகம் சுரப்பதும் கூட்டும். அது குறைவாகச் சுரந்தால் நாடி மந்தமாகும்.

எண்ணும் முறையைச் சொல்லிவிடுகிறேன். ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வேண்டும். ஆட்காட்டி விரலையும் நடுவிரலையும் வைக்க வேண்டும். பெருவிரலை வைக்கக் கூடாது, அதற்கே ஒரு துடிப்பு உண்டு. 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்கலாம். ஆனால் துடிப்பு தாளம் தப்பி வந்தால் முழு நிமிடமும் எண்ண வேண்டும். அப்படித் தப்பும் தாளத்தை அலட்சியம் செய்யாதீர்கள். அவற்றுள் ஒரு வகை, இதயத்தில் இரத்தம் உறைந்து மூளைக்குச் சென்று பக்கவாதத்தில் கொண்டுபோய் விடக்கூடியது. ஓய்விலும் நாடி தொடர்ந்து 100க்கு மேல் நின்றாலும், 60க்குக் கீழிறங்கித் தலைசுற்றினாலும் மருத்துவரைப் பாருங்கள். அரசாங்கக் கிளினிக்கில் பதிவுக்கு நாம் கொடுப்பது 1 வெள்ளிதான். நெஞ்சுவலியோ மயக்கமோ மூச்சுத்திணறலோ சேர்ந்தால் காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.

 இவற்றைவிட முக்கியமான ஒன்றைக் கேட்கவே வந்தேன். தோட்டம் கைமாறியபோது அந்த ஆஸ்பத்திரி மூடப்பட்டது, பெஞ்சும் போயிற்று, வந்தவரை உட்காரவைத்து மறுபடி எண்ணிப் பார்க்கும் கையும் போயிற்று. இன்று நம் முதியவர்கள் மூச்சு வாங்கினால் வயது என்றே நினைத்துக்கொள்கிறார்கள். சுவர் இருந்தால்தான் சித்திரம் என்பதை ஏற்கிறவர்கள், ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு காலையில், பூசைக்கு முன், இந்த மண்டபத்தின் ஓரத்தில் ஒரு மேசைக்கு இடம் தர வேண்டும் என்று நிர்வாகக் குழுவை வேண்டுகிறேன். இரண்டு நாற்காலியும், விநாடிமுள் உள்ள ஒரு சுவர்க்கடிகாரமும், எண்ணை எழுதிவைக்க ஒரு நோட்டும் போதும். நோட்டையும் கடிகாரத்தையும் நானே கொண்டுவந்திருக்கிறேன். பணி ஓய்வுபெற்ற தாதியர் யாரேனும் இங்கே இருந்தால், பசியாறிவிட்டு என்னை வந்து பாருங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை எழுதிக்கொள்கிறேன்.