விண்டோஸ் அப்டேட் பாதியில் நின்று லேப்டாப் ஆன் ஆகவில்லை, ஃபார்மெட் அடித்துத்தான் ஆகவேண்டுமா?

வணக்கம். இன்றைக்கு ஒரே ஒரு கேள்விதான், ஆனால் பதில் கொஞ்சம் நீளும். ஒரு சகோதரி கேட்டிருக்கிறார். நான்கு கடைகளுக்கு டாலியில் கணக்கு எழுதிக் கொடுக்கிறவர். விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போயிருக்கிறது, பேட்டரியும் ஏற்கெனவே செத்த பேட்டரி, லேப்டாப் பட்டென்று அணைந்துவிட்டது. அதிலிருந்து ஆன் செய்தால் ‘ப்ரிப்பேரிங் ஆட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று வருகிறது, புள்ளிகள் சுற்றுகின்றன, அப்புறம் நீலத் திரையில் சரிசெய்ய முடியவில்லை என்கிறது, ரீஸ்டார்ட் கொடுத்தால் மறுபடியும் முதலிலிருந்து. பக்கத்துக் கடையில் காட்டியதற்கு, சிஸ்டம் ஃபைல் கரப்ட், ஃபார்மெட் அடிக்க வேண்டும், உள்ளே இருப்பது போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அவரே எங்கேயோ பார்த்து கெட்டுப்போன சிஸ்டம் ஃபைல்களைத் தேடிச் சரிசெய்கிற எஸ்எஃப்சி ஸ்கேன்நவ் என்ற கட்டளையைப் போட்டிருக்கிறார், அதற்கு ‘ஒரு ரிப்பேர் பாக்கி இருக்கிறது, ரீஸ்டார்ட் செய்தால்தான் முடியும்’ என்று பதில் வந்திருக்கிறது. எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அதே பதில். ‘அண்ணா, 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும், ஃபார்மெட் அடிக்காமல் வழி இருக்கிறதா?’ இதுதான் கேள்வி.

இருக்கிறது, உங்கள் கேஸில் நன்றாகவே இருக்கிறது. ஆனால் ரிப்பேரைப் பற்றி இப்போது பேசவேண்டாம். முதலில் டாலி டேட்டாவை வெளியே எடுப்போம். வாசல் கதவு சிக்கிக்கொண்டது என்பதற்காக உள்ளே இருக்கிற பீரோ காணாமல் போய்விடுமா என்ன? விண்டோஸ் ஆன் ஆகவில்லை என்பதும் அப்படித்தான். கட்டளைகளைப் போட்டுப் பார்த்து ஏதாவது இசகுபிசகாக ஆனால்தான் பீரோவுக்கு ஆபத்து. அதனால் வரிசை முக்கியம்.

அந்த நீலத் திரையில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ இருக்கும், அதில் போய் ட்ரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், அங்கே கமாண்ட் ப்ராம்ப்ட். இதைப் பார்க்கும் மற்றவர்களுக்கு அந்த நீலத் திரையே வராமல் லோகோவில் நின்றுவிட்டால், லோகோ தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள், இப்படி இரண்டு முறை செய்தால் மூன்றாவது முறை தானாகவே அங்கே கொண்டுபோய் விடும்.

இங்கே ஒரு இடத்தில் நிறைய பேர் மாட்டிக்கொள்கிறார்கள். பிட்லாக்கர் ரெகவரி கீ கேட்கும், டிஸ்கைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதிதான் பிட்லாக்கர், அதைத் திறக்கிற சாவி இந்த 48 இலக்க எண். நான் பிட்லாக்கர் போடவே இல்லையே என்பீர்கள், புது லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட் போட்டு உள்ளே நுழைந்தாலே பெரும்பாலும் அதுவாகவே பூட்டிக்கொள்ளும். சாவி அந்த அக்கவுண்டில்தான் இருக்கும், போனிலேயே லாகின் செய்து எடுத்துக்கொள்ளலாம். லேப்டாப் வாங்கிய அன்று கடைக்காரரே அவசரத்துக்கு ஏதோ ஒரு மெயில் ஐடி போட்டுக் கொடுத்திருப்பார், அது என்ன ஐடி என்று இன்றைக்குத்தான் தேட ஆரம்பிப்பீர்கள், தேடுங்கள், வேறு வழி கிடையாது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் ஒரு தப்பான அப்டேட்டால் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையில் விழுந்தன, ஞாபகம் இருக்கும், இந்தியாவில் சில விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அதற்கான வைத்தியம் சேஃப் மோடில் போய் ஒரே ஒரு ஃபைலை அழிப்பது, அவ்வளவுதான். ஆனால் பல இடங்களில் அந்த ஃபைலைத் தொடுவதற்கே இந்த 48 இலக்கம் வேண்டியிருந்தது, ஒவ்வொரு மெஷினாக உட்கார்ந்து அடித்தார்கள்.

சரி, கருப்புத் திரை வந்துவிட்டது. அதில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ஆமாம், சாதாரண நோட்பேட்தான், சிரிக்காதீர்கள். அதில் ஃபைல், ஓப்பன் போனால் ஒரு சின்ன ஜன்னல் திறக்கும், கீழே ‘டெக்ஸ்ட் டாக்குமென்ட்ஸ்’ என்று இருப்பதை ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றிவிட்டு, இடதுபக்கம் ‘திஸ் பிசி’யைத் தட்டினால் உங்கள் டிரைவ்கள் எல்லாம் தெரியும். உங்களுக்கு இப்போது ஒரு குட்டி எக்ஸ்ப்ளோரர் கிடைத்துவிட்டது. ரைட் கிளிக் செய்து காப்பி எடுக்கலாம், பென் டிரைவில் போய் பேஸ்ட் செய்யலாம். டாலிக்காரர்கள் கவனிக்க வேண்டியது, உங்கள் கணக்கு டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரிலோ டெஸ்க்டாப்பிலோ இருக்காது. டாலி ப்ரைமில் இடத்தை நீங்களாக மாற்றாமல் இருந்தால் யூசர்ஸ், அதற்குள் பப்ளிக், அதற்குள் டாலிப்ரைம், அதற்குள் டேட்டா. உள்ளே பெயரே இல்லாமல் வெறும் எண்களாக ஃபோல்டர்கள் இருக்கும், ஒவ்வொன்றும் ஒரு கம்பெனி. ஏதோ குப்பை என்று விட்டுவிடாதீர்கள், அந்த டேட்டா ஃபோல்டரை மொத்தமாக எடுங்கள். பேஸ்ட் செய்த பிறகு எவ்வளவு முடிந்தது என்று சரியாகக் காட்டாது, உறைந்துபோன மாதிரி நிற்கும், பென் டிரைவில் விளக்கு இருந்தால் அது மினுக்குவது நிற்கும்வரை கை வைக்காதீர்கள், பிறகு எஃப்5 தட்டிப் பாருங்கள், வந்திருக்கும்.

இந்தக் காப்பி வேலை எப்படி ஓடுகிறது என்பதையும் கவனித்துக்கொண்டே இருங்கள். சின்ன ஃபோல்டர் ஐந்து நிமிடமாக நகரவில்லை, டிஸ்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம், படிக்க முடியவில்லை என்று எரர், இதில் எது வந்தாலும் கையை எடுத்துவிடுங்கள், டிஸ்கே போய்க்கொண்டிருக்கிறது. அந்த நிலையில் செக்டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போடச் சொல்லி யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது டிஸ்க் முழுவதையும் ஒரு இடம் விடாமல் படித்துப் பார்க்கும், சாகக் கிடக்கிறவரை மாடிப்படி ஏறச் சொல்கிற மாதிரி.

சிஸ்டம் ஃபைல் தானாகக் கெட்டுப்போவதில்லை. உங்களுக்குக் காரணம் தெரியும், கரண்ட். காரணமே தெரியாமல் கெட்டிருந்தால் நான் முதலில் டிஸ்கைச் சந்தேகப்படுவேன், அடுத்து ரேம். நான் கடை வைத்திருந்தபோது ஒரு டெஸ்க்டாப் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இதே கோலத்தில் வரும், நானும் ஃபைல்களைச் சரிசெய்து அனுப்புவேன், அவரும் பணம் கொடுத்துவிட்டுப் போவார், மறுபடி வருவார். மூன்றாவது முறை எனக்கே வெட்கமாகிவிட்டது. ராத்திரி முழுக்க மெமரி டெஸ்ட் ஓடவிட்டுப் பார்த்தால் இரண்டு ரேமில் ஒன்று பழுது, அதைக் கழற்றி வைத்ததோடு சரி. அவரிடம் வாங்கிய பணத்தில் பாதியைத் திருப்பிக் கொடுத்தேன், முழுசாகக் கொடுத்திருக்க வேண்டும்.

இப்போது உங்கள் எஸ்எஃப்சிக்கு வருவோம். நீங்கள் கருப்புத் திரையில் அதை அடித்தபோது உங்கள் சி டிரைவில் இருக்கும் விண்டோஸ் ஓடவே இல்லை. ரிப்பேருக்காக மட்டும் ஒரு குட்டி விண்டோஸ் நினைவகத்தில் ஏறி ஓடுகிறது, அந்தத் திரையில் வரி ஆரம்பத்தில் எக்ஸ் என்ற எழுத்து இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுதான் அது. வெறுமனே ஸ்கேன்நவ் என்றால் எஸ்எஃப்சி அந்தக் குட்டி விண்டோஸைப் போய்ப் பார்த்துவிட்டு ‘ரிப்பேர் பாக்கி இருக்கிறது’ என்று சம்பந்தமில்லாமல் பதில் சொல்லும். வீட்டு நம்பர் சொல்லாமல் பிளம்பரை அனுப்பின கதை. அந்த மெசேஜை நம்பி ரீஸ்டார்ட் செய்துகொண்டே இருந்தால் விடிய விடிய ரீஸ்டார்ட்தான்.

அதனால் முதலில் வீட்டு நம்பரைக் கண்டுபிடிக்க வேண்டும். டிர், ஒரு இடைவெளி, சி, முக்காற்புள்ளி என்று அடியுங்கள். விண்டோஸ், யூசர்ஸ், ப்ரோக்ராம் ஃபைல்ஸ் மூன்றும் தெரிந்தால் அதுதான் உங்கள் டிரைவ். தெரியவில்லையா, டி போட்டுப் பாருங்கள், ஈ போட்டுப் பாருங்கள். இந்த ரிப்பேர் திரையில் எழுத்துகள் இடம் மாறி உட்கார்ந்திருப்பது சகஜம், உங்கள் வழக்கமான சி இங்கே டி ஆகியிருக்கலாம்.

ஆனால் எஸ்எஃப்சியை மறுபடி ஓட்டுவதற்கு முன்னால், உங்களுடையது அப்டேட் பாதியில் அறுந்த கேஸ் என்பதால், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் ‘அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்’ என்று ஒன்று இருக்கிறது, அதில் கடைசி குவாலிட்டி அப்டேட்டை எடுத்துப் பாருங்கள். நிறைய பேருக்கு இதிலேயே வேலை முடிந்துவிடும். முடியவில்லை என்று அது கைவிரித்தால் கருப்புத் திரைக்கு வந்து டிஸ்ம் கட்டளை, இதுவும் விண்டோஸைச் சரிசெய்கிற கருவிதான், திரையில் முழுசாகப் போட்டிருக்கிறேன், கடைசியில் ‘ரிவர்ட் பெண்டிங் ஆக்‌ஷன்ஸ்’ என்று முடியும். பாதியில் நிற்கிற வேலைகளை எல்லாம் பின்னால் எடுத்துக்கொள் என்று அர்த்தம். அடித்ததும் ரீஸ்டார்ட் ஆன பிறகு செய்கிறேன் என்று சொல்லும், ரீஸ்டார்ட் கொடுத்துவிட்டு பொறுமையாக இருங்கள், எவ்வளவு நேரம் ஆனாலும் பவர் பட்டனைத் தொடாதீர்கள். அப்புறம் சகோதரி, இதெல்லாம் யுபிஎஸ்ஸிலோ இன்வெர்ட்டரிலோ இருக்கும்போது செய்யுங்கள், அந்தப் பேட்டரியை நம்பி மறுபடியும் இறங்காதீர்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் எஸ்எஃப்சி. ஸ்கேன்நவ்வுக்குப் பின்னால் ஆஃப்பூட்டிர் என்று டிரைவையும், ஆஃப்விண்டிர் என்று விண்டோஸ் ஃபோல்டரையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும், இரண்டும் வேண்டும், நீங்கள் கண்டுபிடித்த எழுத்தைப் போட்டு. எஸ்எஃப்சி கெட்ட ஃபைலைப் பார்த்தால் நல்ல நகலை வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற ஃபோல்டரிலிருந்து எடுத்து வைக்கும், அதை விண்டோஸின் குடோன் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை என்று வந்தால் குடோனிலேயே எலி புகுந்துவிட்டது என்று அர்த்தம். அப்போது டிஸ்ம் ரெஸ்டோர்ஹெல்த் கட்டளையால் வெளியிலிருந்து சரக்கு இறக்க வேண்டும். வேறொரு கம்ப்யூட்டரில் மீடியா கிரியேஷன் டூல் எடுத்து 8 ஜிபி பென் டிரைவில் விண்டோஸை ஏற்றி, அதில் சோர்சஸ் ஃபோல்டரில் இருக்கும் இன்ஸ்டால் ஃபைலை இதற்குக் காட்ட வேண்டும், உங்கள் விண்டோஸும் அதுவும் ஒரே வெர்ஷனாக இருப்பது முக்கியம். இந்த டூல் பென் டிரைவைத் துடைத்துவிட்டுத்தான் ஏற்றும், கொஞ்சம் முன்னால் டாலியை எடுத்து வைத்த அதே பென் டிரைவைச் சொருகிவிடாதீர்கள். செய்தவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. பழைய வீடியோக்களில், ரெக்பேக் ஃபோல்டரில் நகலாக இருக்கும் ரெஜிஸ்ட்ரி ஃபைல்களை, அதாவது விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கிற ஃபைல்களை, எடுத்து கான்ஃபிக் ஃபோல்டரில் மேலே போட்டுவிடு, சரியாகிவிடும் என்று இருக்கும். ஒரு காலத்தில் அருமையான வைத்தியம் அது. எக்ஸ்பி காலத்தில் கருப்புத் திரையில் சிஸ்டம்32 கான்ஃபிக் சிஸ்டம் மிஸ்ஸிங் ஆர் கரப்ட் என்று வரும், சிடி போட்டு ஆர் தட்டி, ரிப்பேர் ஃபோல்டரிலிருந்து எடுத்துப் போட்டு எத்தனை மெஷினைப் பிழைக்க வைத்திருக்கிறேன். ஆனால் விண்டோஸ் 10-இன் 1803 வெர்ஷனிலிருந்து அந்த ரெக்பேக் நகலை மைக்ரோசாஃப்ட் தானாக எடுப்பதை நிறுத்திவிட்டது. ஃபைல் பெயர்கள் இருக்கும், அளவு பூஜ்யம். அதைக் கொண்டுபோய் நல்ல ரெஜிஸ்ட்ரி மேல் போட்டால் இருந்ததும் போச்சு. டிர் அடித்து அளவைப் பாருங்கள், பூஜ்யம் என்றால் தொடாதீர்கள்.

பூட் பகுதியைச் சரிசெய்கிற பூட்ரெக், ஃபிக்ஸ்பூட் கட்டளைகளைப் போடச் சிலர் சொல்வார்கள், உங்களுக்கு அது வேண்டாம், லோகோ வந்து ஆட்டோமேட்டிக் ரிப்பேர் வரைக்கும் போகிறது என்றால் பூட் பகுதி நன்றாகத்தான் இருக்கிறது.

எதுவுமே நடக்கவில்லை என்றால் ‘ரீசெட் திஸ் பிசி’யில் ‘கீப் மை ஃபைல்ஸ்’. டாலி, பிரின்டர் டிரைவர் எல்லாம் திரும்பப் போடவேண்டி வரும், ஒரு நாள் வேலை. ஆனால் 20-ஆம் தேதி நெருங்கிவிட்டது என்றால் இதற்கெல்லாம் காத்திருக்காதீர்கள், டேட்டா பென் டிரைவில் இருக்கிறது, தெரிந்தவர்கள் யாரிடமாவது டாலி இருந்தால் அங்கே உட்கார்ந்து ரிட்டர்னைப் போட்டுவிட்டு வந்து நிதானமாக இதைப் பாருங்கள். அங்கே இருப்பது உங்களுடையதைவிடப் பழைய டாலி என்றால் டேட்டா திறக்காது, அதை மட்டும் போனில் கேட்டுக்கொண்டு போங்கள்.

டிர் அடித்ததும் வருகிற திரையை போனில் ஒரு படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எந்த எழுத்தைப் போடவேண்டும் என்று பார்த்துச் சொல்கிறேன்.