காலை எட்டரை மணி

நேயர்களுக்கு வணக்கம்.

கட்டற்ற மென்பொருள்களை அவரவர் மொழிக்குக் கொண்டுவரும் தன்னார்வலர் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். பத்துப் பன்னிரண்டு நாட்டுக்காரர்கள். யாரும் யாரையும் நேரில் பார்த்ததில்லை, எல்லாம் இணையத்தில்தான். ஒரு நாட்டுக்குத் தேசிய நாள் வந்தால் எல்லோரும் வாழ்த்துச் சொல்வது எங்கள் வழக்கம்.

ஒரு வருஷம் ஆகஸ்ட் 15. பக்கத்துப் பள்ளியில் கொடியேற்றம். கயிற்றை இழுத்ததும் முடிச்சு அவிழ்ந்து, கொடிக்குள் பொதிந்து வைத்திருந்த செவ்வந்தி இதழ்கள் பிள்ளைகள் தலையில் உதிர்ந்தன. ஆளுக்கு ஒரு ஆரஞ்சு மிட்டாய். அதைப் படம் எடுத்து, வாழ்த்து எழுதிக் குழுவில் போட்டேன். மணி சரியாக எட்டரை. பதில் வாழ்த்துகள் வந்துகொண்டே இருந்தன. ஜப்பானியத் தோழி மட்டும் சாயங்காலம்தான் எழுதினார்: "உங்கள் படம் வந்த நேரத்தில் நாங்கள் எழுந்து நின்று கண்ணை மூடிக்கொண்டிருந்தோம்."

நம் எட்டரை அவர்களுக்கு நண்பகல் பன்னிரண்டு. 1945 ஆகஸ்ட் 15 அன்று அதே பன்னிரண்டு மணிக்குத்தான் பேரரசர் ஹிரோஹிதோ போரை முடித்துக்கொள்வதாக அறிவித்தார், இதே போல வானொலி வழியாக. அதுவரை சாதாரண ஜனங்கள் அவர் குரலையே கேட்டதில்லை. இன்றும் அந்த நேரத்துக்கு ஒரு நிமிட மௌனம் உண்டு. கோஷியென் மைதானத்தில் பள்ளி மாணவர்களின் பேஸ்பால் போட்டி நடக்கும் காலம் அது. சங்கு ஊதியதும் ஆட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, தொப்பியைக் கழற்றித் தலைகுனிந்து நிற்பார்களாம்.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். நம் நாளே அந்த நாளிலிருந்து பிறந்தது! தென்கிழக்கு ஆசியாவில் நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை வகித்தவர் மவுண்ட்பேட்டன். ஜப்பான் பணிந்த தேதி என்பதாலேயே, 1947இல் அதிகாரத்தை ஒப்படைக்க அதைத் தேர்ந்தெடுத்தார்.

குழுவில் இருக்கும் கொரிய நண்பருக்கு அது திருநாள். 1910இல் தொடங்கிய ஜப்பானிய ஆட்சி முடிந்த நாள். 'ஒளி மீண்ட நாள்' என்று பொருள்படும் பெயரை அதற்கு வைத்திருக்கிறார்கள். ஆண்ட நாட்டவரும் ஆளப்பட்ட நாட்டவரும் எங்களோடு சேர்ந்து ஒரே வேலையைச் செய்கிறார்கள். இருவருக்கும் ஒரே வாழ்த்து அட்டையை எப்படி அனுப்புவது?

ஜனவரி 26ஐ எடுத்துக்கொள்ளுங்கள். நமக்குக் குடியரசு நாள், ஆஸ்திரேலியாவுக்குத் தேசிய நாள். 1788இல் பிரிட்டிஷார் சிட்னியில் கரையிறங்கிக் கொடியேற்றிய நாள் அது. அங்குள்ள பூர்வகுடி மக்கள் 1938இலேயே சிட்னியில் கூடி அதைத் துக்க நாள் என்று அறிவித்தார்கள்.

வம்பே வேண்டாம், வாழ்த்துவதையே விட்டுவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒருவர் வீட்டு நல்லது கெட்டது தெரியாமல் எத்தனை நாள் சேர்ந்து வேலை செய்வது? கடைசியில் இப்படி முடிவு செய்தோம்: அந்த நாட்டுக்காரர் முதலில் தன் நாளைப் பற்றி நான்கு வரி எழுதட்டும். மற்றவர்கள் அதைப் படித்துவிட்டுப் பதில் சொல்லலாம்.

போன ஆகஸ்ட் 15 அன்று படத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். எட்டரைக்குக் குழுவில் யாரும் ஒன்றும் எழுதவில்லை. கொரிய நண்பரும்தான். எட்டு முப்பத்தொன்றுக்கு ஜப்பானியத் தோழியிடமிருந்து முதல் செய்தி வந்தது:

"இந்த வருஷம் கொடிக்குள் என்ன பூ?"

நன்றி, வணக்கம்.