எலி ஏன் இன்னும் எழவில்லை?

வணக்கம். எலிக்கு ஹெக்ஸோபார்பிட்டல் என்ற மயக்க மருந்தை ஊசியாகப் போட்டு மல்லாக்கப் படுக்க வைத்தால், மயக்கம் இருக்கும்வரை அப்படியே கிடக்கும். தெளிந்ததும் தானாகப் புரண்டு நாலு காலில் நின்றுவிடும். இந்த இடைவெளியைத்தான் ஆய்வகங்களில் உறக்க நேரம் என்று குறித்துக்கொள்கிறார்கள். வேறொரு பொருளை முன்னாலேயே கொடுத்து இந்த நேரம் நீண்டுபோனால், 'அட, இதுவும் தூக்க மருந்துதான்' என்று சொல்லத் தோன்றும். அவசரப்படக் கூடாது.

1950-களில் பேசப்பட்ட எஸ்.கே.எஃப்-525ஏ என்ற பொருளைப் பாருங்கள். தனியாகக் கொடுத்தால் விலங்கு தூங்காது, ஆனால் ஹெக்ஸோபார்பிட்டலுடன் சேர்ந்தால் மயக்கம் வெகுநேரம் நீளும். காரணம் மூளையில் இல்லை, கல்லீரலில் இருக்கிறது. மயக்க மருந்தைச் சிதைக்கிற நொதிகளை இது முடக்கிவிடுவதால், மருந்து ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. சைட்டோகுரோம் பி450 என்று பிற்பாடு பெயர் பெற்ற நொதிகள்தான் அவை.

சரி, மூளையா கல்லீரலா என்று எப்படிப் பிரிப்பது? விலங்கு விழிக்கும் நொடியில் ரத்தத்தில் மருந்து எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வேண்டும். வழக்கமான அளவிலேயே விழித்தால் மூளை மாறவில்லை, மருந்து வெளியேறத்தான் தாமதம். அதைவிடக் குறைந்த அளவுக்கு இறங்கிய பிறகுதான் விழிக்கிறது என்றால் மூளையே மந்தப்பட்டிருக்கிறது. மனநோய்க்குக் கொடுக்கும் குளோர்புரோமசினில் இந்த இரண்டாவது வகை உண்டு. ஆனால் அது உடல் வெப்பத்தையும் இறக்கிவிடும், குளிர்ந்த உடலில் கல்லீரலும் மெதுவாகத்தான் வேலை செய்யும், அதனால் விலங்கைக் கதகதப்பாக வைக்காமல் எடுத்த கணக்கை நான் நம்பமாட்டேன். பார்பிட்டால் என்ற இன்னொரு தூக்க மருந்தை வைத்தும் சோதிக்கலாம். பெரும்பகுதி சிதையாமல் சிறுநீரில் போய்விடும் மருந்து அது, கல்லீரலை முடக்கினாலும் அதன் உறக்கம் அவ்வளவாக நீளாது.

கால்நடை மருத்துவர்களுக்கு இது வெறும் ஆய்வகச் சமாச்சாரம் இல்லை. குளோராம்பெனிக்கால் என்ற நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் நாய்க்கோ பூனைக்கோ பென்டோபார்பிட்டல் என்ற மயக்க மருந்தைப் போட்டால், தெளிய வேண்டிய நேரம் கடந்தும் படுத்தே கிடக்கும். மூச்சு மந்தமாகும், உடல் குளிரும், குளிர்ந்தால் மருந்து வெளியேறுவது இன்னும் தாமதமாகும். ஆகவே ஊசிக்கு முன்னால் வேறென்ன மருந்து போய்க்கொண்டிருக்கிறது என்று கேட்டே ஆக வேண்டும். அப்புறம் குளுக்கோஸ்! மயக்கம் தெளிந்துவரும் சில விலங்குகளுக்கு அதை ஏற்றினால் மறுபடி தூங்கிவிடுவதாக 1940-களின் கடைசியிலேயே கவனித்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறும் நடக்கும். எலிக் கூண்டில் சிவப்பு சீடர் (red cedar) மரச்சீவலைப் பரப்பினால், அதிலிருந்து வரும் ஆவி கல்லீரல் நொதிகளைத் தூண்டி உறக்க நேரத்தைக் குறைத்துவிடுகிறது. கூண்டில் என்ன பரப்பியிருந்தது என்பதையும் ஆய்வுக் குறிப்பில் எழுதத்தான் வேண்டும்.