குழாயடியில் தொடங்கும் படிப்பு

(பொது சுகாதாரம் பயிலும் மாணவர்களின் மன்றத் தொடக்க விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, கல்லூரி முதல்வர் அவர்களே, அலுவல் மிகுதிக்கிடையிலும் முன்வரிசையில் வந்தமர்ந்திருக்கும் சுகாதாரத் துணை இயக்குநர் அவர்களே, தம் ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி இயக்குநர்கள் இருவரையும் கையோடு அழைத்து வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மையார் அவர்களே, பேராசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம். எனக்கு முன் பேசிய நண்பர் என்னைப் பற்றிச் சொன்னவற்றில் பாதியை அன்பின் கணக்கில் எழுதிவிடுங்கள். மீதிப் பாதி, என்னோடு வெயிலில் சைக்கிள் மிதித்த களப்பணியாளர்களுக்கு உரியது.

‘வெள்ளம் வருமுன் அணை கோல வேண்டும்’ என்பது என் பாட்டி வாய் ஓயாமல் சொன்ன பழமொழி. நோய்த்தடுப்பும் நோய்க்கட்டுப்பாடும் பற்றிய இந்தப் படிப்பு அதன் விரிவுரைதான் என்பது என் கருத்து. மருத்துவமனையில் இருப்பவர் கட்டிலில் கிடக்கும் ஒருவரைப் பார்க்கிறார். நீங்களோ ஒரு தெருவையே நோயாளியாகக் கருதி, யாருக்கு வந்தது, எங்கே வந்தது, எப்போது வந்தது என்று கேட்கப் பழக வேண்டும். 1854இல் லண்டனின் பிராட் தெருவில் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற மருத்துவர் கேட்டவையும் இவையே. காலராக் கிருமியை ஜெர்மன் மருத்துவர் ராபர்ட் காக் கல்கத்தாவில் பிரித்தெடுத்தது 1884இல். அதற்கு முப்பது ஆண்டுகள் முன்பே, சாவுகளை வீடு வீடாகக் கணக்கெடுத்து, குற்றவாளி அந்தத் தெருவின் அடிபம்பே என்று ஸ்னோ காட்ட, அதன் கைப்பிடி கழற்றப்பட்டது.

நீர்வழி நோய்கள், கொசுவழி நோய்கள், தடுப்பூசி என்ற மூன்றைப் பற்றியும் பேசுவதாக ஒப்புக்கொண்டு வந்திருக்கிறேன். முதலாவதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்லிவிடுகிறேன்.

ஒரு சிற்றூரில் கோயில் திருவிழா முடிந்த மூன்றாம் நாள், வரிசையாகப் பலருக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அன்னதானச் சாம்பார்தான் காரணம் என்று ஊரே தீர்மானித்துவிட்டது. சமையற்காரரைக் கோயில் வாசலில் நிறுத்தி ஏசிக்கொண்டிருந்தார்கள். அவர் பாவம், தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி, தாமும் அதே சாம்பாரைத்தான் சாப்பிட்டதாகத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். என்னோடு வந்திருந்த பயிற்சி மாணவர், அப்போதுதான் மீசை அரும்பிய பிள்ளை, அந்தக் கூட்டத்தை ஏறிட்டும் பாராமல், பள்ளி நோட்டுத் தாளில் ஊரின் தெருக்களை வரைந்துகொண்டு வீடு வீடாகப் போய், நோய் கண்ட வீடுகளுக்குச் சிவப்பு மையால் புள்ளி வைத்தார். ஒரு திண்ணையில் சுருண்டு கிடந்த மூதாட்டி அவரிடம், “நான் கோயிலுக்குப் போயி ரெண்டு வருஷமாச்சு தம்பி, எனக்கு ஏது அன்னதானம்? இந்தக் குழாத் தண்ணிதான் குடிச்சேன்” என்றார். தாளைப் பார்த்தோம். சிவப்புப் புள்ளிகள் எல்லாம் ஒரே தெருவின் தாழ்ந்த பாதியில் நின்றன. அந்தத் தெருவில் தண்ணீர் வேகமாக வரட்டும் என்று ஒரு வீட்டில் சாக்கடையோரம் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டிக் குழாயை இறக்கியிருந்தார்கள், திருகுமூடியும் இல்லை. தண்ணீர் விடுவது நின்றதும், குழியில் தேங்கிய சாக்கடை நீரைக் குழாய் உள்ளே இழுத்துக்கொள்ளும். மறுநாள் அது அடுத்தடுத்த வீட்டுக் குடங்களில் இறங்கும். குழியை மூடினோம். சமையற்காரரிடம் மன்னிப்புக் கேட்க மட்டும் ஒருவரும் போகவில்லை.

அந்தத் தண்ணீரில் போதிய குளோரின் எஞ்சியிருந்தால் பாதிப்பு இவ்வளவு தூரம் போயிராது. எந்த மேடை ஏறினாலும் நான் பேசும் செய்திக்கு இப்போதும் வந்து சேர்ந்துவிட்டேன், பொறுத்தருள்க. ஆயிரம் லிட்டருக்கு நான்கு கிராம் பிளீச்சிங் பவுடர் என்பது நம் நடைமுறைக் கணக்கு. முப்பதாயிரம் லிட்டர்த் தொட்டிக்கு 120 கிராம். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கிய பிறகு, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்ற வேண்டும். கடைசி வீட்டுக் குழாயில் 0.2 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம், குளோரினாவது எஞ்சியிருக்க வேண்டும். இந்தக் கணக்கு வழக்கெல்லாம் யார் கையில் இருக்கிறது? அதோ பின்வரிசையில் கூச்சத்தோடு அமர்ந்திருக்கும் அந்தத் தொட்டி இயக்குநர்கள் இருவர் கையில். ஒரு தராசு கொடுக்காமல், வாய் திறந்த மூட்டையில் வீரியம் இழந்த பவுடரைக் கொடுத்து, கைப்பிடிக் கணக்கில் போடச் சொல்லிவிட்டு, நோய் வந்தால் முதலில் அவர்களைத்தான் கேட்கிறோம். வெள்ளம் வருமுன் அணை கோலச் சொல்கிறோம். கோலுகிறவருக்கு மண்வெட்டி தருவதில்லை.

சென்னை மாகாணத்தில் 1939இலேயே பொது சுகாதாரச் சட்டம் கண்ட மண் இது. பொது சுகாதாரத்துக்கெனத் தனி இயக்குநரகமும் வைத்திருக்கிறோம். ஆகவே என் கோரிக்கைகள் பெரியவை அல்ல: ஒவ்வொரு தொட்டி இயக்குநருக்கும் உங்கள் களப்பயிற்சியோடு சேர்த்துப் பயிற்சி, ஒரு தராசு, நீரில் எஞ்சிய குளோரினை நிறத்தால் காட்டும் சிறு கருவியான குளோராஸ்கோப் ஒன்று, நாள்தோறும் எழுதும் பதிவேடு, அதற்குத் தக்க ஊதியம். துணை இயக்குநர் அவர்கள் தலையசைப்பதை அவை பார்த்துக்கொள்ள வேண்டுகிறேன்.

கொசுவைப் பற்றி ஒன்று சொல்லலாம்: டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை, நீர் வற்றிய தொட்டியின் சுவரிலும் மாதக்கணக்கில் உயிரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், எனவே தண்ணீரைக் கொட்டினால் போதாது, தேய்த்துக் கழுவ வேண்டும். தடுப்பூசிக்கு வருவதற்குள் தலைவர் அவர்களிடமிருந்து துண்டுச் சீட்டு வந்துவிட்டது. பேராசிரியர்கள் அதை என்னைவிட நன்றாகவே நடத்துவார்கள்.

என் பையில் ஒரு குளோராஸ்கோப் இருக்கிறது. தேநீர் இடைவேளையில் மாணவர் ஒருவர் விடுதிக் குழாயிலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்து வாருங்கள். மருந்தைச் சில துளிகள் விட்டு மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்போம்; முதல்வர் அவர்களும் உடனிருக்க அன்போடு வேண்டுகிறேன். வணக்கம்.